ஹப் சார் வாயை மூடிய வாரம்

அவருக்கு அந்தப் பெயர் வந்ததற்கு அவரே காரணம். வேறு யார் மீதும் பழி போட முடியாது.

மருந்துகளை மொத்தமாக வாங்கிக் கடைகளுக்கு அனுப்பும் கம்பெனி அது. கீழே கிடங்கு, முதல் மாடியில் பில்லிங்கும் கணக்கும், இரண்டாம் மாடியில் பெரிய மனிதர்கள், அதற்கு மேலே மொட்டைமாடியில் புறாக்கள். இவர் நெட்வொர்க் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கட்டடத்துக் கம்ப்யூட்டர்களை எல்லாம் ஒன்றோடொன்று சேர்த்து வைத்திருந்தது ஹப் என்ற பெட்டி. பெட்டியின் முகத்தில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொரு துளைக்கும் போர்ட் என்று பெயர். போர்ட்டுக்கு ஒரு வயர், வயரின் மறுமுனையில் ஒரு கம்ப்யூட்டர். ஊழியர்களுக்கும் இதெல்லாம் கொஞ்சம் தெரிந்திருக்கட்டுமே என்று நிர்வாகம் இவரை ஒரு வகுப்பு எடுக்கச் சொன்னது. வாயைத் திறக்கச் சொல்லி யாராவது கேட்டால் போதாதா, மனிதர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"ஹப்புக்கு மூளைன்னு ஒண்ணு கிடையாதுங்க," என்றார். "ஒரு போர்ட்ல செய்தி வந்தா, அது யாருக்கு வந்தது, எதுக்கு வந்ததுன்னெல்லாம் பாக்காது. அப்படியே மத்த எல்லா போர்ட்டுக்கும் தள்ளி விட்டுடும். செய்தியில ஒரு விலாசம் இருக்கும். யாரோட விலாசமோ அவங்க எடுத்துக்கணும், மத்தவங்க கேட்டும் கேக்காத மாதிரி விட்டுடணும்."

கடைசி வரிசையில், கைகட்டி உட்கார்ந்திருந்த பில்லிங் பிரிவுக்காரர் ஒருவர் நிதானமாகச் சொன்னார்: "உங்களைப் பத்திதான் சொல்றீங்கன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்."

அறை முழுக்கச் சிரித்து அடங்க நேரமாயிற்று. கிடங்குப் பொறுப்பாளர் தலைக்குச் சாயம் பூசுகிறார் என்ற தகவலை முந்தைய நாள்தான் இவர் மூன்று தளங்களிலும் விநியோகித்து முடித்திருந்தார். அன்றிலிருந்து ஹப் சார். சம்பளச் சீட்டில் மட்டும் வேறு பெயர் இருந்தது, அதை யாரும் படிப்பதில்லை.

பெயர் வைத்த அந்தப் பில்லிங்காரரே பிற்பாடு அவருக்கு உயிர் நண்பராகவும் ஆனார். இருவரும் ஒருவரையொருவர் 'சம்பந்தி' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இவருக்கு ஒரு பெண், அவருக்கு இரண்டு பெண்கள். இந்தச் சம்பந்தம் எந்தக் காலத்திலும் அமைய வழியில்லை. அதனால்தான் துணிந்து அப்படிக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

ஹப் சாரின் அப்பா ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவர். ரத்தத்திலேயே ஓடுகிறது என்று சொல்லலாம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அப்பா வருவதாகச் சொன்ன ரயில்களில் பாதி சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை. மகன் சொன்ன செய்தி ஒன்றுகூடப் பொய்யாகப் போனதில்லை. கண் காது மூக்கு வைத்துப் பேசுகிற பழக்கமே அவரிடம் கிடையாது. கேட்டதைக் கேட்டபடி, கூட்டாமல் குறைக்காமல், கேட்காதவர்களுக்கும் சேர்த்துச் சொல்வார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. வயிற்றில் எதுவும் தங்காது, அவ்வளவுதான்.

வீட்டில் இதற்கு ஏற்றபடி பழகிக்கொண்டார்கள். பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் அவர் மனைவி, எந்த விஷயத்தையும் முடிந்த பிறகுதான் கணவரிடம் சொல்வாள். வீடு மாற்றுவதைக்கூட சாமான் ஏற்றுகிற அன்றுதான் சொன்னாள் என்று அவர் குறைப்பட்டுக்கொள்வார். அது கொஞ்சம் அதிகப்படி, முதல் நாளே சொல்லிவிட்டாள். மகள் அம்மாவைவிடக் கெட்டிக்காரி. எல்லோருக்கும் தெரியவேண்டிய சங்கதி எதுவானாலும் அப்பாவின் காதில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அத்தை, சித்தி, பெரியப்பா என்று வீடு வீடாகப் போன் போடுகிற வேலை அவளுக்கு மிச்சம்.

காலம் போகப் போக ஹப்புகள் ஒழிந்தன. அவற்றையெல்லாம் கழற்றிவிட்டு ஸ்விட்ச் என்ற பெட்டியை ஒவ்வொரு மாடியிலும் மாட்டியவர் இவர்தான். பார்க்க இரண்டும் ஒரே அச்சு, குணம்தான் வேறு. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு விலாசம் பதித்து அனுப்புகிறார்கள். அந்தக் கம்ப்யூட்டர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும், இன்ன விலாசத்துக்காரர் இன்ன போர்ட்டில் இருக்கிறார் என்று ஸ்விட்ச் குறித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் அவருக்கு வரும் செய்தி அவருக்கு மட்டும்தான் போகும், பக்கத்து மேசைக்கு மூச்சுக்கூடக் கேட்காது. ஹப் காலத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் செய்திகள் நடுவழியில் முட்டிக்கொண்டு நாசமாகும், இருவரும் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஸ்விட்ச் வந்ததும் அந்தத் தொல்லையும் தீர்ந்தது.

கட்டடத்தில் கடைசி ஹப்பைக் கழற்றிய அன்று, இனிமேல் என்னையும் ஸ்விட்ச் சார் என்று கூப்பிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். ஒருவரும் மசியவில்லை. "பெட்டியைத்தானே மாத்தினீங்க?" என்று கணக்குப் பிரிவில் கேட்டுவிட்டார்கள். அவரும் சளைக்கவில்லை. "ஸ்விட்ச்சுக்கும் விலாசம் தெரியலைன்னா எல்லா போர்ட்டுக்கும்தாங்க அனுப்பும். எனக்கு யார் யாருக்கு எது தேவைன்னு தெரியாது. அதனால எல்லாருக்கும் சொல்றேன்," என்றார். ஆனால் உள்ளுக்குள் அது அவருக்கு வலித்தது. தன்னிடம் யாரும் ஒரு ரகசியத்தைக்கூட நம்பிக் கொடுத்ததில்லை என்பது அவருக்குத் தெரியும்.

இப்படியிருக்கும்போதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

நிர்வாக மேலாளர் அவரை அறைக்குக் கூப்பிட்டாள். ஐம்பது வயதைத் தொடும் பெண்மணி, சிரிப்பைச் செலவழிக்காதவள். கதவைச் சாத்தச் சொன்னாள். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். அந்த அறையில் பிரிண்டருக்கு வயர் இழுக்க எத்தனையோ முறை தரையில் மண்டி போட்டிருக்கிறாரே தவிர, நாற்காலியில் அவர் உட்கார்ந்ததில்லை.

"பில்லிங் பிரிவை மூடப் போறோம் சார்," என்றாள். "பூராவும். அந்த வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்தாச்சு. அவங்களுக்கு வர்ற திங்கக்கிழமை காலையிலதான் சொல்லப்போறோம். கோபத்துல யாராவது எதையாவது அழிச்சிடக்கூடாது. அதனால அவங்க வந்து உக்காரறதுக்கு முன்னாடி, பில்லிங் மேசைகளோட நெட்வொர்க்கை நீங்க நிறுத்திடணும்."

ஹப் சார் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "எல்லாரையுமா மேடம்?"

"எல்லாரையும். இது எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." சற்று நிறுத்தினாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, என்ன?" அவர் எழுந்து கதவருகே போன பிறகு மூன்றாவது தடவையும் சொன்னாள். "உங்களை நம்பித்தான் சொல்றேன்."

அந்தக் கடைசி வார்த்தை மனிதரை அடியோடு சாய்த்துவிட்டது. படி இறங்கும்போது காலம்பரப் படியேறிய ஆளாக அவர் இல்லை. நண்பனுக்கு வேலை போகப் போகிறது என்ற துக்கம் ஒரு பக்கம் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அந்தத் துக்கத்தின் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது ஒரு பெருமை. கடைசியில் ஒருத்தர் நம்பினாரே என்ற பெருமை.

அடுத்த மூன்று நாட்கள் அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. செய்தி தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. யாராவது எதிரே வந்தால் சட்டென்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போய், கூரைப் பலகையை நகர்த்தித் தலையை உள்ளே விட்டுக்கொள்வார். கீழிருந்து பார்த்தால் இரண்டு கால்கள் மட்டும் தெரியும். "என்ன சார் பண்றீங்க?" என்று கேட்டால், "வயர் பாக்குறேன்," என்று கூரைக்குள்ளிருந்து பதில் வரும். அந்த வாரம் போல அந்தக் கட்டடத்து வயர்கள் என்றைக்கும் பார்க்கப்பட்டதில்லை.

வீட்டில் மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "உடம்புக்கு என்ன? சாப்பிட உக்காந்து இவ்வளவு நேரமாச்சு, ஆபீஸ்ல யாரைப் பத்தியும் ஒண்ணுமே சொல்லலையே."

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லை."

"சண்டை கிண்டை போட்டீங்களா?"

"ஒண்ணுமில்லைன்னா விடேன்." அவள் விட்டுவிட்டாள். மகளைப் பார்த்துக் கண்ணால் ஏதோ கேட்டாள், அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

ஆனால் கட்டடம் சும்மா இருக்குமா? முதல் மாடியை யாரோ வெளியாட்கள் வந்து அளந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்று கம்பெனி வண்டி ஓட்டுநர் வாயிலிருந்து ஒரு பேச்சு கிளம்பியது. பில்லிங்கில் எல்லோரும் பயந்துபோனார்கள். இந்த மாதிரி நேரத்தில் அவர்கள் யாரிடம் போவார்கள்? ஹப் சாரிடம்தான் வந்தார்கள். தேநீர் இயந்திரத்தின் பக்கத்தில் மடக்கினார்கள்.

"ஏதாவது நடக்குதா சார்? எங்க தளத்தை ஏன் அளக்குறாங்க?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றார் ஹப் சார், கோப்பைக்குள் பார்த்தபடி.

அவர்கள் முகம் தெளிந்துவிட்டது. ஹப் சாருக்கே தெரியவில்லை என்றால் அது வெறும் புரளிதான் என்று சொல்லிக்கொண்டு கலைந்தார்கள். அவர் கோப்பையிலிருந்த தேநீரை அப்படியே கொட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை சம்பந்தி அவரைப் படிக்கட்டுத் திருப்பத்தில் பிடித்தார். இருவரும் சாய்ந்து நிற்கிற ஜன்னல் அது. கீழே லாரியில் அட்டைப்பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு விஷயம்யா. ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு பிஸ்கட் கம்பெனி இருக்குல்ல, அங்க பில்லிங்குக்கு ஆள் எடுக்குறாங்க. என்னை வரச் சொல்றாங்க. இதே சம்பளம்தான். ரெண்டு பஸ் மாறணும். நாளைக்குள்ள சொல்லணுமாம், இல்லைன்னா வேற ஆளைப் பாத்துப்பாங்க."

"ம்."

"என்ன ம்? இங்கேயே இத்தனை வருஷம் குப்பை கொட்டியாச்சு. புது இடத்துல போய் இந்த வயசுல யார்கிட்ட பாட்டு வாங்கறது? ஆனா இந்த அளந்து பாத்த சமாச்சாரம் வேற மனசை அறுக்குது. நீ என்ன சொல்றே?"

ஹப் சார் வாயைத் திறந்தார். 'போய்யா' என்று சொன்னால் போதும், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். மறுவார்த்தை கேட்காமல் போயிருப்பார் சம்பந்தி. அந்த நேரம் பார்த்துத்தான் சாத்திய கதவும் நாற்காலியும் 'உங்களை நம்பித்தான்' என்ற குரலும் ஹப் சாருக்கு நினைவில் வந்து நின்றன.

"உன் இஷ்டம்," என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மனிதர் பயத்தினால் வாயை மூடவில்லை. வேலை போய்விடும் என்று அஞ்சி மூடியிருந்தால், குடும்பஸ்தன், போகட்டும் என்று விட்டுவிடலாம். இவர் தன்னை ஒரு ஸ்விட்ச்சாக நினைத்துக்கொண்டு மூடினார். எனக்கு இதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. ஸ்விட்ச்சுகூட செய்தியை உரியவனிடம் சேர்க்கத்தான் செய்யும். உரியவன் எதிரே நின்று, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

சம்பந்தி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தோளில் தட்டினார். "சரி விடு. ஏதாவது இருந்தா உன் வாய் இவ்வளவு நேரம் தாங்குமா?" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை ஹப் சார் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். சர்வர் அறை என்பது ஒரு காலத்தில் இரண்டாம் மாடியின் கழிப்பறையாக இருந்த இடம். பீங்கானைப் பெயர்த்துவிட்டு இரும்பு அலமாரிகளை நிறுத்தினார்கள், சுவரில் குழாயை மட்டும் எடுக்க மறந்துவிட்டார்கள். கோடி ரூபாய் வியாபாரம் நடக்கிற பெட்டிகளுக்குப் பக்கத்தில் அது நல்ல நாளிலேயே சொட்டும். அங்கே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முதல் மாடி ஸ்விட்ச்சுக்குள் இங்கிருந்தபடியே கம்ப்யூட்டர் வழியாக நுழைந்தார்.

கணக்குப் பிரிவும் அதே ஸ்விட்ச்சில்தான் இருந்தது. அதனால் மொத்தமாக நிறுத்த முடியாது. பில்லிங் போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத்தான் மூட வேண்டும். எந்த போர்ட் யாருடைய மேசை என்று அவருக்கு மனப்பாடம். காலில் எப்போதும் வயரை எத்திவிடும் பெண்ணின் போர்ட். விசைப்பலகையில் ரொட்டித் தூள் சிந்துகிறவரின் போர்ட். போன மாதம் சேர்ந்த, இன்னும் அவரைப் பார்த்து எழுந்து நிற்கிற பிள்ளையின் போர்ட். ஒவ்வொன்றாக மூடினார். திரையில் பச்சையாக இருந்தவை சாம்பல் நிறமாயின. சம்பந்தியுடையதைக் கடைசியில் வைத்துக்கொண்டார், அதனால் என்ன ஆகப்போகிறது என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு அதையும் மூடினார்.

சற்று நேரத்தில் உள்தொலைபேசி அடித்தது.

"சம்பந்தி, பில்லிங்ல மட்டும் நெட் இல்லய்யா. கணக்குல வருது. எந்தப் புண்ணியவான் எந்த வயரைப் பிடுங்கினான்னு பாரு."

"பாக்குறேன்," என்றார் ஹப் சார்.

"சீக்கிரம் வா. மேடம் வேற எல்லாரையும் கூட்டத்துக்குக் கூப்பிடறாங்க, என்னன்னு தெரியலை."

அவர் போனை வைத்துவிட்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். கீழே முதலில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் வெகுநேரம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு யாரோ ஒரு பெண் அழுதாள்.

கூட்டம் முடிந்ததும் மேலாளர் சர்வர் அறைக்கே வந்தாள். அதற்கு முன் ஒரு நாளும் அவள் அங்கே கால் வைத்ததில்லை. குழாயை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"யாருக்குமே தெரியலை சார். ஒருத்தருக்குக்கூட. நான் சொன்னதும் அப்படியே உறைஞ்சு போய் நிக்கிறாங்க. நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?"

"இல்ல மேடம்," என்றார். பாராட்டப் போகிறாள் என்றே அந்த நிமிஷம்வரை நினைத்திருந்தார். "நீங்க சொல்லக்கூடாதுன்னு சொன்னீங்களே."

அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "மேலேருந்து என் வாயைக் கட்டிப்போட்டாங்க. நான் சொன்னா என் வேலை போயிடும். போர்ட்டை நிறுத்தறது ஒரு வேலையா, திங்கக்கிழமை காலையில சொன்னாலே நீங்க செஞ்சிருப்பீங்க. செவ்வாய்க்கிழமையே உங்களைக் கூப்பிட்டு எதுக்கு உக்கார வெச்சு சொன்னேன்? கதவைச் சாத்தினேன். சொல்லாதீங்க, சொல்லாதீங்கன்னு மூணு தடவை சொன்னேன். ஒரு நாள்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடும், வேற வேலை தேடிக்க அவங்களுக்கு நாலு நாள் கிடைக்கும்னு நினைச்சேன். வேற எப்படி சார் உங்களுக்குப் புரிய வைக்கிறது?"

 அவருக்கு ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கக்கூடத் தோன்றவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவருடைய வாயை ஒருத்தர் நம்பியிருக்கிறார், அவர் நினைத்ததற்கு நேர் எதிராக. அவள் மேலும் ஏதோ சொல்ல வந்து, வேண்டாமென்று திரும்பிப் போய்விட்டாள்.

முதல் மாடிக்கு அவர் இறங்கிப் போனபோது பாதி மேசைகள் காலியாகிவிட்டிருந்தன. சம்பந்தி தன் இழுப்பறையிலிருந்து கண்ணாடிக் கூடு, மாத்திரைப் பட்டை, மகள்களின் பழைய படம் என்று எடுத்து ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருய்யா. பாத்தியா, என்ன வேலை பண்ணிட்டாங்க. உனக்கும் தெரியாமலே வெச்சிருந்திருக்காங்க, பாரேன்."

பதிலையும் சம்பந்தியே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். ஹப் சார் தலையை ஆட்டினால் போதும். யாருக்கும் தெரியப் போவதில்லை. மேலாளர் செத்தாலும் சொல்ல மாட்டாள்.

"எனக்குத் தெரியும்," என்றார் ஹப் சார். "போன செவ்வாய்க்கிழமையே தெரியும்."

சம்பந்தியின் கை பைக்குள்ளேயே நின்றது. வேடிக்கைக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டார். கோபித்துக் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உன் முகத்தைப் பாத்துட்டுத்தான்யா பிஸ்கட் கம்பெனிக்காரனுக்கு வேண்டாம்னு சொன்னேன்," என்றார். "சனிக்கிழமை காலையிலயே சொல்லிட்டேன்."

பையின் வாயை முடிந்துகொண்டு எழுந்தார். ஹப் சார் பையை வாங்கக் கையை நீட்டினார். சம்பந்தி அதை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, படி இறங்கிப் போனார்.

படிக்கட்டுப் பக்கம் கணக்குப் பிரிவுப் பெண்களும் கிடங்கு ஆட்களும் கூடி நின்றிருந்தார்கள். இவரைக் கண்டதும் வழக்கம்போலச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன சார் ஆச்சு? ஏன் அவர் உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்காம போறாரு?"

ஹப் சார் அவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். "எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும்," என்றார். "நான் சொல்லலை. சொல்லியிருந்தா அவன் வேற வேலைக்குப் போயிருப்பான். வெள்ளிக்கிழமை என்னை வந்து கேட்டான், அப்பவும் சொல்லலை."

யாரும் அசையவில்லை.

"ஏன் நிக்கிறீங்க?" என்றார். "போங்க. போய் எல்லார்கிட்டயும் சொல்லுங்க."